டவர் ஹில் எல்லாம் எறங்கு

பிப்ரவரி 9

எங்கள் ரூட்டிலேயே பஸ் விடுகிற சென்னிமலை லண்டன் போய்விட்டு வந்துவிட்டான். இன்று பஸ் ஓனர்கள் சங்கக் கூட்டத்தில் டீசல் விலையைப் பற்றித்தான் பேச வேண்டியது. அவன் சம்சாரம் கோட்டுப் போட்டுக்கொண்டு பெரிய மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிற படத்தைச் செல்போனில் கை மாற்றி மாற்றிப் பார்த்ததிலேயே மத்தியானம் போயிற்று. கடைசியில் என் பக்கம் திரும்பி, "சிகாமணியண்ணன் எங்கெங்க போயிருக்காரு? திருச்செங்கோட்டுல ஏறுனா ஈரோட்டுல எறங்குவாரு, ஈரோட்டுல ஏறுனா திருச்செங்கோட்டுல எறங்குவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், அவன் வண்டி எங்கள் டைமில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கண்டக்டரைக் கீழே கூப்பிட்டேன். "ரெண்டு நிமிசந்தானுங்க" என்றான். தோல்பையோடு சேர்த்து ஒரு அறை விட்டேன். பை அறுந்து சில்லறை உருண்டது. குனிந்து பொறுக்கியவன் முதுகில் இன்னொன்று. அவன் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

நான் கண்டக்டராக ஆரம்பித்தவன். இன்று எட்டு பஸ் ஓடுகிறது. என்னைப் பார்த்து ஒருத்தன் சிரிப்பதற்கு இடம் கொடுத்தால் நாளைக்கு எவனும் டைமுக்கு வண்டி எடுக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணியிடம் "லண்டன் போறோம்" என்றேன். என் சம்சாரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்க?"

"லண்டன். ஊர் சுத்திப் பாக்க. அஞ்சு நாள்."

விரலை அறுத்துக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் இவளுக்குக் கை நிதானம் தப்பிவிடும்.

பிப்ரவரி 14

ஈரோட்டில் டிராவல்ஸ் ஆபீஸ். பிரமிளா என்று ஒரு பெண், கண்ணாடி போட்டது, எல்லாவற்றையும் அதுதான் பார்க்கிறது. கெட்டிக்காரிதான், ஆனால் பார்வை சரியில்லை.

விசா போட்டோ எடுக்க முடியவில்லை. வசந்தாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்று சொன்னேன். பிரமிளா கன்னத்தைப் பார்த்தது, அப்புறம் என் கையைப் பார்த்தது. "வீக்கம் வடிஞ்சதும் எடுத்துக்கலாங்க சார்" என்றது. முந்தின நாள் சாயந்திரம் வசந்தா அந்தப் பெயரைச் சொன்னாள். இந்த வீட்டில் சொல்லக் கூடாத பெயர். அவ்வளவுதான் நடந்தது.

"லண்டன்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா சார்?"

"யாருமில்ல."

வசந்தா வளையலைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் சொன்னது பொய்யில்லை. மகள் என்று ஒருத்தி இருந்தாள், தாரணி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் கண்டக்டர் மாரப்பனுடைய மகனைக் கட்டிக்கொண்டு அவனோடு லண்டன் போய்விட்டாள். மாரப்பன் பதினாறு வருஷம் என்னிடம் வேலை பார்த்தவன். வாசலில் நின்று சம்பளம் வாங்கிக்கொண்டு போவானே தவிர, வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவன் மகன் அன்பரசு என் மகளோடு ஒரே காலேஜில் படித்தான். படிக்க வைத்தது தப்பு. தலை முழுகியாயிற்று, அதோடு சரி.

அந்த வாரமே மாரப்பனின் இடது முழங்காலும் போனது. போலீசில் கேஸ் ஆகவில்லை. வண்டியிலிருந்து விழுந்ததாக அவனே எழுதிக் கொடுத்துவிட்டான்.

பிப்ரவரி 23

பிரமிளா லண்டன் ரயில் ரூட் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தது. ஹாலில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பூமிக்கு அடியில் ஓடுகிற ரயில். பார்த்தால் பயமாக இருக்கும், உட்கார்ந்து பார்த்தால் நம் ரூட் பஸ் மாதிரிதான். நமக்கு வேண்டியது பச்சைக் கோடு ஒன்று. ஓட்டல் எர்ல்ஸ் கோர்ட்டில். அங்கே ஏறினால் வெஸ்ட்மின்ஸ்டரில் மணிக்கூண்டு, டவர் ஹில்லில் பழைய கோட்டையும் பாலமும். எல்லாம் ஒரே லைன்.

டிரிப் ஷீட் போடுகிற மாதிரி போட்டுவிட்டேன். முதல் நாள் போய்ச் சேர்ந்து ஓய்வு. ரெண்டாம் நாள் மணிக்கூண்டு, அரண்மனை. மூன்றாம் நாள் கோட்டை, பாலம், படகு. ஐந்தாம் நாள் கிளம்புவது.

"நாலாம் நாளு காலியா இருக்குதுங்களே சார்?" என்றது பிரமிளா.

"அன்னிக்குத் தனி வேலை."

ரயிலில் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டுமாம். அவரவர் கார்டை அவரவர் வைத்தால்தான் கேட் திறக்கும், புருஷன் கார்டில் பொண்டாட்டி போக முடியாதாம். என்ன ஊரோ.

மார்ச் 2

வசந்தாவுக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டேன். இவள் தனியாகத் திருச்செங்கோடு மலையடிவாரம் தாண்டிப் போனதில்லை. அந்த ஊரில் தொலைந்து போனால் யார் தேடுவது?

முதல் பாடம், இறங்குவது. நான் முதலில் இறங்குவேன். இறங்கி நின்று கை காட்டினால்தான் அவள் இறங்க வேண்டும். இது என் வண்டிகளில் இருக்கிற சட்டம். கண்டக்டர் முதலில் கீழே குதிப்பான், பொம்பளைகள் இறங்கிவிட்டார்களா, பிள்ளை எதுவும் படியில் நிற்கிறதா என்று பார்ப்பான். அப்புறம் உள்ளங்கையால் வண்டியில் ரெண்டு தட்டு, "ரைட்." ஒரு தட்டு என்றால் நிறுத்து, ரெண்டு தட்டு என்றால் எடு. கண்டக்டர் தட்டாமல் எந்த டிரைவரும் கிளட்சில் கால் வைக்க மாட்டான். ஹாலில் சோபாவை ரயிலாக்கி இதை அவளுக்குப் பழக்கினேன். நாலு தடவை எனக்கு முன்னால் எழுந்தாள். டயர் ட்யூபில் அறுத்த வார் ஒன்று வைத்திருக்கிறேன், கணுக்காலில் பட்டால் தோல் கிழியாது, ஆனால் மறக்காது. ஐந்தாவது தடவை சரியாகச் செய்தாள்.

ரெண்டாம் பாடம், ஸ்டேஷன் பெயர்கள். "எர்ல்ஸ் கோர்ட், குளோஸ்டர் ரோடு" வரைக்கும் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். ரெண்டு அடி.

தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கின இடத்திலேயே நிற்க வேண்டும். நான் வருவேன்.

மார்ச் 10

இன்று தப்பு மூன்றுதான். வலது கணுக்கால் வீங்கிவிட்டதால் இனி இடது.

மார்ச் 18

பள்ளிபாளையம் போனேன். மாரப்பன் இப்போது அங்கே விசைத்தறிக் கொட்டகை ஒன்றுக்குக் காவலாக இருக்கிறான். என்னைப் பார்த்ததும் கோலை ஊன்றி எழுந்தான்.

"வாங்க மொதலாளி."

"உன்ற பையன் லண்டன்ல எங்கீடா இருக்கான்?"

"தெரியாதுங்க."

"போன்ல பேசறியா இல்லியா?"

"பேசறதே இல்லீங்க."

கோலைத் தட்டிவிட்டேன். விழுந்தான். பழைய முழங்கால் மேல் செருப்புக் காலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையை இறக்கினேன். தறி ஓடுகிற சத்தத்தில் அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஈஸ்ட் ஹாம் என்றான். தெருப் பேரையும் கதவு நம்பரையும் சொன்னான். ரெண்டு தடவை சொல்ல வைத்து இந்த டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

காலை எடுத்த பிறகு அழுதுகொண்டே, "பாப்பா மாசமா இருக்குதுங்க மொதலாளி. ஏழாவது மாசம். அதுக்காச்சும் பாருங்க" என்றான்.

இன்னொரு தடவை காலை வைத்தேன். என் மகளைப் பாப்பா என்று கூப்பிட இவன் யார்?

மார்ச் 19

கை கால் எல்லாம் அலுப்பு. வசந்தா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். செருப்பில் இருந்த கறையைக் கழுவினாள். என்ன என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் இவளிடம் எனக்குப் பிடித்த குணம்.

மார்ச் 28

மெட்ராஸ் போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டு வந்தோம். ஒவ்வொருத்தராகத்தான் உள்ளே விட்டார்கள். அவள் போய்த் திரும்பும் வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அவள் என்ன பேசுகிறாள் என்று தெரியாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வந்ததும் கேட்டேன். "விரலை வைக்கச் சொன்னாங்க, வச்சனுங்க" என்றாள்.

ஏப்ரல் 11

விசா வந்துவிட்டது. சென்னிமலைக்குப் போன் செய்து சொன்னேன். "சந்தோசமுங்கண்ணா, கோட்டு வேணும்னா எங்களுதக் குடுக்கறன்" என்றான். போனைச் சுவரில் எறிந்தேன். புதுப் போன் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 15

வசந்தாவை இன்று அடிக்கக் காரணமே கிடைக்கவில்லை. ஒரு தப்புகூட இல்லை. விளக்கு ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கந்தசஷ்டி சொல்கிற மாதிரி கடகடவென்று சொன்னாள். "வெஸ்ட்மின்ஸ்டர், எம்பாங்க்மென்ட், டெம்பிள், பிளாக்ஃப்ரையர்ஸ், மான்ஷன் ஹவுஸ், கேனன் ஸ்ட்ரீட், மானுமென்ட், டவர் ஹில்." எனக்கே நடுவில் ரெண்டு பெயர் மறந்திருந்தது. அவள் நிறுத்தவில்லை. "ஆல்ட்கேட் ஈஸ்ட், வொயிட்சாப்பல், ஸ்டெப்னி கிரீன்..."

"நிறுத்து. டவர் ஹில்லோட நம்ம வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல உனக்கு எதுக்கு?"

"முழு லைனும் தெரிஞ்சு வச்சா நல்லதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

நான் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருக்கலாம். அதே பச்சைக் கோட்டில்தான், டவர் ஹில் தாண்டிப் பத்தாவது பெயராக ஈஸ்ட் ஹாம் இருக்கிறது. அது இவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் இடது கணுக்காலில் ஒன்று வைத்தேன். அவள் காலை இழுக்கவில்லை.

ஏப்ரல் 26

காரின் டிக்கியில் இருந்து வீல் ஸ்பேனரை எடுத்துவந்தேன். லாரி டயர் கழற்றுகிற பெரிய ஸ்பேனர், கூட்டல் குறி மாதிரி இருப்பதில்லை, ஒரே நீளக் கம்பி. முதல் பஸ் வாங்கின காலத்திலிருந்து என்னிடம் இருக்கிறது. டைமிங் சண்டைகளுக்கு இதைத்தான் எடுத்துப் போவேன். மாரப்பனுக்கும் இதுதான். வேட்டி ஒன்றில் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்தேன். நிமிர்ந்தால் வசந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க எதுக்குங்க அது?"

"நாலாம் நாள் வேலைக்கு."

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? அந்தப் பயலுக்கு ரெண்டு முழங்காலும். அப்பனுக்கு ஒன்றோடு விட்டது நான் செய்த தப்பு. தாரணியை ஒன்றும் செய்ய மாட்டேன், பெத்த மகள். ஒரு அறை, ரெண்டு அறை. அதற்கு மேல் என் கையைப் பொறுத்தது.

காலில் விழுந்துவிட்டாள். "வேண்டாமுங்க. புள்ளத்தாச்சிங்க அவ. போகவே வேண்டாம், டிக்கெட்ட ரத்துப் பண்ணிருங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறனுங்க." அவள் மாசமாக இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. ஆக, பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல், என் வீட்டில், யாருடைய போனிலோ.

இன்றைக்கு எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியவில்லை. வார் அறுந்துபோனது. பிறகு கை. பிறகு பீரோக் கதவு. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள், அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். அவள் வாயைத் திறந்து யார் போன் என்று சொல்லவேயில்லை.

ஏப்ரல் 27

காலையில் எழுந்து இட்லி ஊற்றி வைத்திருந்தாள். ஒரு கண் திறக்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நேற்று அழுதது எதுவும் முகத்தில் இல்லை.

"நான் யோசிச்சனுங்க," என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போலாமுங்க."

இருபத்தேழு வருஷம் கழித்தாவது புத்தி வந்ததே.

"பெட்டிய இனிமே நான் அடுக்கறனுங்க. உங்களுக்கு மடிக்கத் தெரியல."

ஏப்ரல் 30

பிரமிளா வீட்டுக்கே வந்து டிக்கெட்டும் கார்டும் கொடுத்தது. நான் போனில் டிரைவர் ஒருத்தனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது சமையலறையில் வசந்தாவோடு உட்கார்ந்து காபி குடித்தது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பெட்டியை எடை போட்டேன். இருபத்திமூன்று கிலோவுக்குள் இருக்க வேண்டும். சரியாக இருந்தது. வேட்டிச் சுருட்டு அடியில் இருக்கிறதா என்று கையை விட்டு அழுத்திப் பார்த்தேன். கனமாக, அதே இடத்தில் இருந்தது.

மே 3, லண்டன்

வந்து சேர்ந்தாயிற்று. விமானத்தில் காது அடைத்தது. ஓட்டல் ரூம் நம் பஸ்ஸின் டிரைவர் கேபின் அளவு. குளிர். இவளுக்குக் கண் வீக்கம் வடிந்துவிட்டது, மஞ்சள் பாரித்திருக்கிறது, அவ்வளவுதான்.

எர்ல்ஸ் கோர்ட்டில் ரயில் ஏறிப் பார்த்தோம். நான் சொன்ன மாதிரியே எல்லாம் இருந்தது. நான் முதலில் இறங்கினேன், கை காட்டினேன், அவள் இறங்கினாள். பழக்கினது வீண் போகவில்லை. ஆனால் இந்த ரயிலில் கண்டக்டர் கிடையாது. கதவு பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானே மூடிக்கொள்கிறது. பொறுப்பில்லாத ஊர்.

ரெண்டு கார்டையும் கேட்டைத் தாண்டியதும் வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட் ரெண்டும் என் இடுப்புப் பையில்.

மே 4

மணிக்கூண்டுக்குக் கீழே இவளை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். சிரி என்றேன். சிரிக்கவில்லை. மறுபடி சொன்னேன். உதட்டை இழுத்தாள். அந்தப் படத்தைச் சென்னிமலைக்கு அனுப்ப முடியுமா? கையை ஓங்கினேன்.

ஓங்கின கை கீழே வரவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் காபிக் கோப்பையோடு, எனக்கும் இவளுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவேயில்லை. இவளைப் பார்த்து, "ஆர் யூ ஓகே?" என்றாள். பின்னால் இன்னும் ரெண்டு பேர் நின்றார்கள், ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

வசந்தா, "ஐ யாம் ஓகே. தேங்க் யூ" என்றாள்.

அவர்கள் போகிற வரைக்கும் என் கை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. என் பஸ் ஸ்டாண்டாக இருந்தால் அந்தப் பெண்ணின் காபி அவள் முகத்தில் இருந்திருக்கும். இங்கே முடியவில்லை.

"எப்படி இங்கிலீஷ் பேசற?"

"பிரமிளா நாலு வார்த்த சொல்லிக் குடுத்துச்சுங்க."

ரூமுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகு மிச்சத்தைத் தீர்த்தேன். தலையணையை வாயில் வைத்துத்தான். சுவர் மெல்லிசு.

மே 5

காலையில் கிளம்பும்போது, "கார்ட நானே வச்சுக்கறனுங்க. ஒவ்வொருக்கா உங்க பையில தேட வேண்டியிருக்குது, பின்னாடி நிக்கறவங்க மொறைக்கறாங்க" என்றாள். சரி என்று கொடுத்தேன். கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ரயிலில் கூட்டம். அவள் உட்கார இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் காலம் ஞாபகம் வந்தது. டவர் ஹில் வந்ததும் பழைய உற்சாகத்தில், "டவர் ஹில் எல்லாம் எறங்கு" என்று சத்தமாகவே சொன்னேன். யாரோ சிரித்தார்கள். முதலில் நான் இறங்கினேன். திரும்பி நின்று கை காட்டினேன்.

அவள் எழுந்து கதவு வரைக்கும் வந்தாள். வந்து நின்றாள். இறங்கவில்லை.

"எறங்கு புள்ள."

பீப் பீப் என்றது. கதவு மூடியது. "ஹோல்டான்!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் ஹோல்டான் சொல்லி நிற்காத வண்டி கிடையாது. கண்ணாடியில் குத்தினேன். மஞ்சள் சட்டை போட்ட ரயில்வேக்காரன் ஒருத்தன் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தான். உள்ளே அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். பயந்துபோய்த் திறக்கச் சொல்லியிருப்பாள். ரயில் போய்விட்டது.

பேக்கு. எவ்வளவு பழக்கினேன். அடுத்த ரயிலில் ஏறி ஆல்ட்கேட் ஈஸ்ட் போய் இறங்கினேன். சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இறங்கின இடத்திலேயே நிற்க வேண்டும் என்று. இல்லை. அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடி வரை நடந்தேன். வருகிற ரயிலில் எல்லாம் பார்த்தேன். மத்தியானம் போய்ச் சாயந்திரம் ஆனது. கிடைக்கட்டும், இன்று கால் ரெண்டையும் உடைக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பசித்தது. கூப்பிட்டுச் சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒருத்தரும் இல்லை.

ரூமுக்கு வந்து இடுப்புப் பையைத் திறந்தேன். பாஸ்போர்ட் ஒன்றுதான் இருந்தது. என்னுடையது.

பெட்டியைக் கவிழ்த்தேன். வேட்டிச் சுருட்டைப் பிரித்தேன். உள்ளே கல் உப்புப் பாக்கெட்டுகள். நம் வீட்டுச் சமையலறை உப்பு, நீளவாக்கில் அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, ஸ்பேனர் எடைக்குச் சரியாக.

குளியலறைக் கண்ணாடியில் குத்தினேன். விரல் கிழிந்துவிட்டது. எழுத்து கோணுகிறது. பரவாயில்லை. ஸ்பேனர் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது. விலாசமும் இருக்கிறது. நாளைக்கு நாலாம் நாள்.

மே 6

விடிந்ததும் கிளம்பலாம் என்று சட்டை போடும்போது கதவு தட்டினார்கள். போலீஸ், ரெண்டு பேர். ஒன்று பெண். உட்காருங்கள் என்றார்கள். என்னை சார் என்றார்கள். போனில் மொழிபெயர்க்கிறவர் ஒருத்தரைக் கூப்பிட்டு, அவர்கள் இங்கிலீஷை எனக்கும் என் தமிழை அவர்களுக்கும் சொல்ல வைத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ்.

"ஐயா, உங்கட மனிசி பாதுகாப்பான இடத்தில இருக்கிறா. நீங்கள் அவவையும் மகளையும் தேடிப் போகக் கூடாது எண்டு சொல்லினம். அந்த வீட்டில இப்ப ஒருத்தரும் இல்லை. போனால் உங்களைப் பிடிப்பினம். விளங்கிச்சுதோ?"

அவள் என் பொண்டாட்டி என்று கத்தினேன். அவர் அதையும் அப்படியே இங்கிலீஷில் அமைதியாகச் சொன்னார். அந்தப் பெண் போலீஸ் தலையாட்டி எழுதிக்கொண்டது.

வசந்தாவின் உடம்பில் இருந்த காயங்களை டாக்டர் படம் எடுத்திருக்கிறாராம். பெட்டியில் ஆயுதம் கொண்டுவந்தேனா என்று கேட்டார்கள். திறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சால்ட்" என்றான் அவன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது. உடைந்த கண்ணாடியைப் பார்த்தார்கள், என் விரலைப் பார்த்தார்கள். வசந்தா தன் காயங்களைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கப் போகிறாளாம், அதன் பிறகு மறுபடி கூப்பிடுவார்களாம். நாளைக்கு விமானம் என்றேன். அதை முடிவு செய்வது நாங்கள் என்றார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் மேல் ஒரு கை வைக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

ஸ்பேனர் இருந்திருந்தால் இந்நேரம் லாக்கப்பில் இருந்திருப்பேன். அதற்காக அவள் மாற்றி வைத்திருக்க மாட்டாள். அந்தப் பயலின் முழங்காலுக்காகத்தான் மாற்றியிருப்பாள்.

மத்தியானம் சென்னிமலை போன் செய்தான். படம் ஏதும் வரவில்லையே அண்ணா என்றான். நெட்டு சரியில்லை என்றேன்.

இப்போது ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜையில் உப்புப் பாக்கெட்டுகள். சன்னலுக்குக் கீழே ரயில் போகிறது. போகும்போதெல்லாம் தம்ளர் அதிர்கிறது.

நேற்று எழுதியதில் ஒன்று தப்பு. அவள் திறக்கச் சொல்லித் தட்டியதாக எழுதினேன். திறக்கச் சொல்கிறவள் விடாமல் தட்டுவாள், அழுவாள், கதவைப் பிறாண்டுவாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. என்னை நேராகப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. வாய் அசைந்ததும் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பிழைத்தவன், எந்த வாயில் அசைந்தாலும் தெரியும்.

உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தாள். ரெண்டே தட்டு. "ரைட்" என்றாள். ரயில் எடுத்தது.